பிள்ளையைப் பஸ் ஏற்றுவோம்

"புதிர்ப் போட்டிக்குப் பட்டணம் போகணுமாம், சுற்றுலாவுக்குப் பணம் கட்டணுமாம்" என்று பிள்ளை வந்து நின்றால், "போய்ப் படிக்கிற வேலையைப் பாரு" என்று நம்மில் பலர் விரட்டிவிடுகிறோம்.

150 மாணவருக்கும் குறைவான தோட்டப் பள்ளிகள் நம்மிடையே பல. சில வகுப்புகளில் பத்துப் பேர்கூட இல்லை. தினமும் அதே முகங்கள். பட்டணத்துப் பிள்ளைகளோடு மேடையில் நின்று பதில் சொன்னால்தான் கூச்சம் தெளியும். 1963இல் திறக்கப்பட்ட தேசிய அரும்பொருளகத்தை நேரில் பார்த்த பிள்ளைக்குச் சரித்திரப் பாடம் கசக்குமா?

யு.பி.எஸ்.ஆர். தேர்வே 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. புள்ளிகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் போதாது, தோழர்களே!

போட்டியில் தோற்றால் தோற்கட்டும். அடுத்த முறை ஜெயிக்கும். சம்பளத்தன்று ஐந்து வெள்ளியை உண்டியலில் போட்டு வைப்போம். பெயர் கொடுக்கும் நாளில் நம் பிள்ளை தலைகுனிந்து நிற்கலாமா?