பழைய கேரவனுக்குப் புத்துயிர்: திரைச்சீலைக்கு முன் தரைத்தகடு

கேரவன் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, படப்பிடிப்புத் தளத்தில் திரைக் கலைஞர்களுக்காக நிறுத்தப்பட்டிருக்கும் நீண்ட வெண்ணிற வண்டி. இக்கட்டுரை அதைப் பற்றியது அன்று. இருவர் படுக்கவும், சோறு பொங்கவும், ஒரு குடம் நீரும் நாலு பாத்திரமும் வைத்துக்கொள்ளவும் இடமுள்ள சிறு வண்டியைப் பற்றியது. அதுவும் பழைய வண்டியைப் பற்றியது. பணி ஓய்வுக்குப் பின் தலங்களையும் கடற்கரைகளையும் நிதானமாகச் சுற்றிவர விரும்புவோரை இத்தகைய வண்டிகள் எளிதில் ஈர்த்துவிடுகின்றன. விலை குறைவு, பார்வைக்கு அழகு, சேமிப்பை எங்கே விழுங்கும் என்பது மட்டும் வெளியே தெரிவதில்லை.

காளஹஸ்தியில் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் நிற்கும் டிராவலர் 2006-இல் பதிவானது. எங்களிடம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே யாரோ ஒருவர் அதன் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, கட்டிலும் அலமாரியும் அடுப்பு மேடையும் பொருத்தியிருந்தார். நானும் என் மனைவியும் அதைச் சீரமைக்கத் தொடங்கியபோது செய்த பெரும் பிழை ஒன்றுதான்: கண்ணுக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்கினோம்.

நம் சாலைகளில் காணும் பழைய சிறு கேரவன்கள் பலவும் தொழிற்சாலையிலேயே கேரவனாகப் பிறந்தவை அல்ல. வேனாக ஓடிக் களைத்த பின் ஏதோ ஒரு பட்டறையில் கட்டிலும் அடுப்பும் பெற்றவை. ஆகவே மூல வண்டி எது என்பதை அறிவது முதல் தேவை. பஜாஜ் டெம்போ நிறுவனத்தின் மெட்டடார், அதே நிறுவனம் 1987-இல் வெளியிட்ட டெம்போ டிராவலர், 1984-இல் அறிமுகமாகி 2019-இல் உற்பத்தி நின்ற மாருதியின் ஆம்னி வேன் ஆகியவை நம்மவர் நன்கறிந்தவை. பஜாஜ் டெம்போ 2005-இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. டிராவலரின் வடிவம் ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸ் டி1 வேனிலிருந்து வந்தது. பழைய டிராவலர்களில் உள்ள ஓஎம் 616 வகை டீசல் எஞ்சினும் அக்குடும்பத்தையே சேர்ந்தது. மின்னணுப் பாகங்கள் இல்லாத அந்த எஞ்சினைச் சிற்றூர் மெக்கானிக்கும் அச்சமின்றிப் பிரிப்பார். மெட்டடார் முன்சக்கர இயக்கம் கொண்டது. அதன் பின்பகுதியில் தண்ணீர்த் தொட்டியையும் பேட்டரியையும் ஏற்றினால், மேட்டில் ஏறும்போது இழுக்க வேண்டிய முன்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். டிராவலர் பின்சக்கர இயக்கம் கொண்டது. அதற்கு அந்தத் தொல்லை இல்லை.

வண்டியைத் தட்டிப் பார்ப்பதற்கு முன் பதிவுச் சான்றைப் படிக்க வேண்டும். எங்கள் வண்டியின் சான்று அதனை 12 இருக்கை வேன் என்றது. உள்ளேயோ இரண்டு இருக்கைகளும் ஒரு கட்டிலும் இருந்தன. இது சிறு முரண்பாடன்று. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. உற்பத்தியாளர் குறித்த அடிப்படை விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சொந்தப் பயன்பாட்டுக்கான கேம்பர் வேன், போக்குவரத்து அல்லாத வாகனங்களின் பட்டியலில் 2004-ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றுவிட்டது. கேரவன்களின் கட்டமைப்புக்கென ஏஐஎஸ்-124 என்ற தரநிலையும் உண்டு. ஆகவே வழி அடைக்கப்படவில்லை. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டி எழுத்து மூலம் கேட்டு, அனுமதி கிடைத்த பிறகே ஆணி அடிக்க வேண்டும். மாற்றம் முடிந்த 14 நாட்களுக்குள் அதைத் தெரிவிக்கவும் வேண்டும். வண்டி கடனில் இருந்தால், கடன் வழங்கியவரின் எழுத்துப்பூர்வமான இசைவையும் முன்னதாகவே பெற்றுவிட வேண்டும்.

சொந்தப் பயன்பாட்டு வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இலகுரக வண்டிக்கு அக்கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. காசிக்கும் ஹரித்துவாருக்கும் போகும் ஆசையுள்ளவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்க. டில்லி தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் தடை விதித்தது. உச்ச நீதிமன்றம் 2018-இல் அதை உறுதிசெய்தது. புறப்படும் வேளையில் நடப்பிலுள்ள ஆணையைப் பார்த்து வழித்தடத்தை வகுப்பது நல்லது.

இனி எங்கள் பிழைக்கு வருகிறேன். ஊரின் பெருமையான கலம்காரித் துணியில் திரைச்சீலை தைத்தோம். அலமாரிக்குப் புதுப் பலகை போட்டோம். தரையில் வினைல் விரிப்பு ஒட்டினோம். ஐப்பசி மழை வந்தது. மூன்றாம் நாள் விரிப்பின் ஓரம் உப்பியது. பிரித்துப் பார்த்தால் ஒட்டுப்பலகை ஊறிப்போயிருந்தது. அதன் கீழே தரைத்தகட்டில் விரல் நுழையும் அளவுக்குத் துளை. கூரை மேலிருந்த காற்றுப்போக்கியின் ஓரப் பசை வெடித்து, நீர் சுவரின் உட்புறமாகவே இறங்கித் தரையில் தேங்கியிருக்கிறது. பார்த்துப் பார்த்துச் செய்த அத்தனையையும் கழற்றி வெளியே வைத்த பிறகே தகரவேலை தொடங்கியது. அதுவரை செய்த செலவில் பாதிக்கு மேல் வீண். (கலம்காரிச் சீலை மட்டும் தப்பியது. கடுக்காயும் பாலும் ஊட்டி இயற்கைச் சாயம் ஏற்றிய அத்துணி நேர் வெயிலில் வெளிறும் என்பதால், இப்போது அதற்குப் பின்னால் வெள்ளைத் துணி ஒன்று தொங்குகிறது.)

காளஹஸ்திக்காரர்களுக்கு விரிசலைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கிருஷ்ணதேவராயர் 1516-இல் எழுப்பிய இராஜகோபுரம் 2010 மே 26-ஆம் நாள் சரிந்து விழுந்தது. விரிசல் அதற்கு முன்பே கண்ணில் பட்டிருந்தது. புதிய கோபுரம் எழுந்து குடமுழுக்குக் காண 2017 ஆயிற்று. அந்தக் கோபுரத்தடியில் வளர்ந்த நான், என் வண்டியின் கூரைப் பசையை ஏறிப் பார்க்கத் தவறினேன்.

துருவைக் கண்டறிவது கடினமன்று. சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி உடற்தகட்டின் மேல் நகர்த்திச் செல்லுங்கள். காந்தம் பிடியை விடும் இடத்தில் இரும்புக்குப் பதில் பட்டி பூசப்பட்டிருக்கிறது. முன்கண்ணாடியின் கீழ் மூலைகள், சக்கர வளைவுகள், கதவுப் படிகள், வில் பட்டைகள் சட்டத்தோடு சேரும் இடங்கள், தரைக்கு அடியில் ஓடும் குறுக்குச் சட்டங்கள் ஆகியவற்றைத் திருப்புளியால் அழுத்திப் பார்க்க வேண்டும். தகடு நொறுங்கினால், கெட்ட பகுதியை முழுதும் வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பதே முறை. துருவின் மேலேயே பட்டி பூசுவது, புண்ணை மூடித் துணி கட்டுவது போன்றது. நெடுஞ்சட்டத்தில் ஆழ்ந்த துரு இருந்தால் அந்த வண்டியை வாங்காமல் திரும்பிவிடுங்கள். விலை எவ்வளவு குறைவாயினும் அது மலிவன்று. தரைக்கு இடும் ஒட்டுப்பலகை கொதிநீர் தாங்கும் ஐஎஸ் 710 தரத்தில் இருக்கட்டும். வெட்டிய விளிம்புகளுக்கும் திருகுத் துளைகளுக்கும் நீர்காப்புப் பூச்சு வேண்டும், ஏனெனில் நீர் நுழைவது அங்கேதான்.

அடுத்தது பிரேக். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய எண்ணெய் மலைச்சரிவின் சூட்டில் கொதித்தால் மிதி தளர்ந்து போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றிவிடுவது நலம். டயரில் தடம் ஆழமாக இருக்கிறதே என்று மகிழ வேண்டாம். பக்கச்சுவரில் உள்ள நான்கிலக்க எண் அதன் பிறப்பைச் சொல்லும்: 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். அதிகம் ஓடாமல் வெயிலில் நின்ற டயர் தேய்வதற்கு முன்பே வெடிப்பு விடும். நாங்கள் திருமலைக்குச் செல்லும்போது வண்டியைத் திருப்பதியில் நிறுத்திவிட்டுப் பேருந்தில் ஏறுகிறோம். காளஹஸ்தியிலிருந்து திருப்பதிக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர் சமவெளிச் சாலை. அதற்கு மேலுள்ள வளைவுகளில் இந்த வயது வண்டியைச் சோதிப்பதில் எனக்கு விருப்பமில்லை.

எடையைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. 100 லிட்டர் நீர் என்பது 100 கிலோ. கட்டில், அலமாரி, பேட்டரி, சூரியத் தகடு, பாத்திரம், ஆட்கள் என்று கூட்டினால் பதிவுச் சான்றிலுள்ள மொத்த எடை வரம்பு வெகுவிரைவில் நெருங்கிவிடும். பயணத்துக்கு முழுதும் ஆயத்தமான நிலையில் லாரிகளுக்கான எடைமேடையில் ஒருமுறை ஏற்றி, முன்சக்கரங்களையும் பின்சக்கரங்களையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்துச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மின்சாரத்தில் கணக்கு தெரிந்தால் ஏமாற்றமில்லை. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1,200 வாட்-மணி இருக்கிறது. ஈய-அமில வகையில் நீண்ட ஆயுள் வேண்டுமெனில் அதில் பாதியே செலவிடத் தக்கது. 20 வாட் மின்விசிறி இரவு 10 மணி நேரம் ஓட 200. விளக்குகளுக்கும் கைப்பேசிகளுக்கும் 100. ஆக 600-இல் இருவர் நிம்மதியாக இரவைக் கழிக்கலாம். 1,500 வாட் மின்காந்த அடுப்போ 12 வோல்ட்டில் 125 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வீட்டுக் கம்பி அதைத் தாங்காது, உருகும். குளிரூட்டி இந்தக் கணக்குக்குள் அடங்கவே அடங்காது. அதனால்தான் எங்கள் பயணங்கள் மார்கழி, தை, மாசியோடு முடிகின்றன; அக்கினி நட்சத்திரத்தில் வண்டி வேப்பமரத்தடியிலேயே இருக்கும். எந்தக் கம்பியானாலும் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தொலைவுக்குள் பியூஸ் இருக்க வேண்டும். எங்கள் வண்டியில் முன்னவர் இழுத்திருந்த கம்பிகளில் பியூஸ் ஒன்றுகூட இல்லை, முழுவதையும் அறுத்தெறிந்தோம்.

எரிவாயு குறித்து இன்னும் கடுமை தேவை. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். எனவே உருளை நிற்கும் பெட்டி வண்டியின் உட்பகுதியோடு தொடர்பின்றி இருக்க வேண்டும். அதன் அடித்தட்டில் வெளிநோக்கிய திறப்பு வேண்டும். 5 கிலோ உருளை இருவருக்குப் போதும். அடுப்பு எரியும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும். குளிர் காய அடுப்பை ஏற்றிவைத்துவிட்டு உறங்குவது உயிருக்கு ஆபத்து, கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. வாயுத்தலத்து ஊர்க்காரன் காற்றோட்டத்தைப் பற்றிப் பேசாதிருக்க முடியாது: படுக்கும் இடத்தில் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக, மூட இயலாத இரு காற்றுத் துளைகள் கட்டாயம். தீயணைப்பான் கதவருகில் கைக்கெட்டும்படி இருக்கட்டும். அடுப்புக்கு அப்பால் வைத்தால் தீயைத் தாண்டித்தான் அதை எடுக்க வேண்டியிருக்கும்.

பணத்துக்கு வருவோம். பயன்படுத்திய வண்டிக்கான கடன் பொதுவாக வண்டியின் வயதைப் பார்த்தே வழங்கப்படுகிறது. 15 ஆண்டு கடந்த வண்டிக்கு அது கிடைப்பது அரிது. அதற்காக ஓய்வூதியப் பணப்பயன்களை மொத்தமாக இதில் இறக்குவதோ, நகையை அடகு வைத்து அலமாரி செய்வதோ வேண்டாம். வைப்புத் தொகையை முறிப்பதைவிட அதன் பேரில் கடன் பெறுவது பல வேளைகளில் நன்மை தரும். வைப்புக்கான வட்டி தொடர்ந்து வரும், கடன் வட்டி பொதுவாக அதைவிட ஓரிரு விழுக்காடே கூடுதலாக இருக்கும். உங்கள் கிளையில் இரண்டையும் எழுதிக் கணக்கிட்டுப் பார்த்து முடிவு செய்யலாம். பராமரிப்புக்கெனத் தனியாக ஒரு தொடர் வைப்பு தொடங்கினோம். டயருக்கும் பேட்டரிக்கும் அதிலிருந்தே எடுக்கிறோம்.

காப்பீட்டில் ஒரு நுட்பம் உண்டு. 5 ஆண்டு கடந்த வண்டியின் காப்பீட்டு மதிப்பு, நிறுவனமும் உரிமையாளரும் ஒப்புக்கொள்ளும் தொகையே. ஆகவே சீரமைப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்த ஒளிப்படம், ரசீது, மதிப்பீட்டாளர் அறிக்கை ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். உள்ளமைப்பு மாறியதையும் எரிவாயு பொருத்தியதையும் எழுத்தில் தெரிவித்துப் பத்திரத்தில் பதியச் செய்யுங்கள். இல்லையெனில் 12 இருக்கை வேனுக்கு எடுத்த காப்பீடு, எரிந்துபோன கட்டிலுக்கு ஈடு தராமல் போகலாம்.

வண்டி ஓடுவதால் கெடுவதைவிட நிற்பதால் கெடுவது அதிகம். மாதம் இருமுறை அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டுகிறோம். நின்ற இடத்தில் எஞ்சினை மட்டும் உறுமவிடுவது பயன் தராது, பிரேக்கும் டயரும் அசைய வேண்டும். டீசல் வடிகட்டியின் அடியில் சேரும் நீரை வடிக்கிறோம். நீண்ட நாள் நிறுத்துவதாயின் எரிவாயு உருளையை இறக்கிவிட்டு, பேட்டரி இணைப்பைக் கழற்றி, தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து திறந்து வைக்கிறோம். ஆவணி பிறந்ததும் ஏணி வைத்துக் கூரையேறி ஒவ்வொரு பசை விளிம்பையும் விரலால் தடவிப் பார்ப்பது என் வேலை. கீழே நின்று குழாயால் நீரைப் பீய்ச்சுவது என் மனைவியின் வேலை. உள்ளே விரித்த பழைய செய்தித்தாள் நனைகிறதா என்று பேரன் பார்த்துச் சொல்வான்.