குரங்கை நினைக்காமல் மருந்து குடிப்பது எப்படி?

மருந்து குடிக்கும்போது குரங்கை மட்டும் நினைக்காதே என்று வைத்தியர் சொல்லி அனுப்பிய கதை நமக்குத் தெரியும். அதுவரை குரங்கை நினைத்தே பார்க்காத நோயாளிக்கு, கிண்ணத்தைத் தூக்கும்போதெல்லாம் குரங்குதான் வந்து நின்றது.

1987இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னரும் குழுவினரும் இதைச் சோதனையாகவே வெளியிட்டார்கள். அங்கே குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடி. ஐந்து நிமிடம் கரடியை நினைக்கக் கூடாது. நினைத்தால் மணியடிக்க வேண்டும். மாணவர்களால் மணியடிக்காமல் இருக்க முடியவில்லை. அதன்பின் ‘இனி நினைக்கலாம்’ என்றதும், தொடக்கத்திலேயே அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது.

கவலைப்படுபவரிடம் “நல்லதையே நினை” என்கிறோமே, அதுவும் வைத்தியர் சொன்ன குரங்குதான்.

நொடியில் வரும் தீர்ப்பு

கல்லூரிக்குப் போன மகள் இரண்டு முறை அழைத்தும் போனை எடுக்கவில்லை. மூன்றாவது முறை அழைப்பதற்குள் மனம் ஆஸ்பத்திரி வாசல் வரை போய்விடுகிறது. நடுவில் யோசித்ததாகவே தெரியாது. 1960களில் பிலடெல்பியாவில் மனச்சோர்வு நோயாளிகளைக் கவனித்த ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர், இப்படித் தோன்றுபவற்றைத் ‘தானாக வரும் எண்ணங்கள்’ என்றார். கண்ணிமைப்பதற்குள் வந்துவிடுவதால் நாம் இவற்றை விசாரிப்பதில்லை. உண்மை என்றே எடுத்துக்கொள்கிறோம்.

இவற்றுக்குச் சில வழக்கமான சாயல்கள் உண்டு. மேலாளர் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால், அவர் மனதில் இருப்பதை நாமே படித்துவிடுவது ஒன்று. ஒரு நேர்காணலில் தோற்றதும் ‘எனக்கு எதுவுமே அமையாது’ என்பது இன்னொன்று. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான். ஆனால் வாழ்க்கை ஒரே அடுப்பில் ஒரே நேரத்தில் வெந்த சோறு அல்லவே.

அசைபோடும் மனம்

1989 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ பகுதியை நிலநடுக்கம் உலுக்கியது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் உளவியலாளர் சூசன் நோலன்-ஹொக்ஸிமா, ஸ்டான்ஃபோர்டு மாணவர்களின் மனநிலையையும் துயரத்தை எதிர்கொள்ளும் விதத்தையும் பதிவு செய்திருந்தார். தங்கள் வருத்தத்தையே திரும்பத் திரும்ப அசைபோடும் வழக்கம் உள்ளவர்களிடம், நிலநடுக்கத்துக்குப் பிறகு மனச்சோர்வு கூடுதலாக இருந்தது.

யோசிப்பதற்கும் அசைபோடுவதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது எளிது. யோசித்தால் நாளை செய்ய ஒரு காரியமாவது கையில் கிடைக்கும். அசைபோட்டால் ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி?’ என்ற கேள்விக்கே மறுபடி வந்து சேர்வோம். மாடாவது அசைபோட்டு ஜீரணிக்கிறது.

ஒரு நாற்பது பக்க நோட்டு

விரட்ட முடியாத எண்ணத்தை விசாரிக்கலாம். பெக் உருவாக்கிய சிகிச்சையின் அடிப்படை இதுதான். ஒரு நோட்டில் நடந்தது என்ன என்று ஒரு வரி, மனம் சொன்னது என்ன என்று ஒரு வரி எழுதுங்கள். பிறகு அதற்கு ஆதாரம், எதிரான ஆதாரம். “வேலை போய்விடும்” என்று எழுதினால், யார் சொன்னது, எப்போது சொன்னது என்று கேளுங்கள். போன மாதம் உங்களை நம்பிப் புதுப் பொறுப்பு கொடுத்தார்களே, அதையும் எழுதுங்கள். “எல்லாம் நல்லபடியாக நடக்கும்” என்று எழுத வேண்டாம். மனம் அதை நம்பாது. “மேலாளர் சிடுசிடுத்தார், காரணம் தெரியவில்லை” என்பது போதும்.

கவலைக்கென்று மாலையில் கால் மணி நேரம் ஒதுக்குவதும் பலருக்கு உதவுகிறது. மற்ற நேரத்தில் வந்தால் ‘ஆறு மணிக்கு வா’ என்று ஒத்திப்போடுங்கள். விரட்டுவதைவிட ஒத்திப்போடுவது சுலபம். நள்ளிரவு இரண்டு மணிக்கு மட்டும் எந்த விசாரணையும் வேண்டாம். அந்த நேரத்துத் தீர்ப்புகளில் பாதி காலையில் நிற்பதில்லை.

நோட்டு போதாதபோது

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, வேலையில் நாட்டம் எல்லாம் குறைந்திருந்தால் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும், வைட்டமின் பி12 பற்றாக்குறை இருந்தாலும் மனம் சோரும். அதற்கான ரத்தப் பரிசோதனையையும் கேட்டுக்கொள்ளுங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் எதற்கு, இரண்டு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். இந்திய அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, நள்ளிரவிலும் தமிழிலேயே பேசலாம்.