‘ஒரு கை தருகிறேன்’

உதவி செய்ய மனம் இருந்தாற் போதாது. அதைச் சொல்லும் முறையும் வேண்டும். நிவாரண வரிசையில் நின்றவர்களுக்கு இது நன்கு தெரியும். ஒரே அரிசி மூடை ஒருவர் தரும்போது உறவை வளர்க்கிறது. இன்னொருவர் தரும்போது தலைகுனிய வைக்கிறது. எம்மவர் பலர் பலெர்மோ முதலிய நகரங்களில் வாழும் இத்தாலி நாட்டில், இவ்வேறுபாட்டைக் காட்டும் சொற்கள் அன்றாடப் பேச்சிலேயே உள்ளன.

உதவி கேட்டவருக்கு ‘வொலெந்தியேரி’ என்று மறுமொழி சொல்வார்கள். ‘மனவிருப்பத்தோடு செய்கிறேன்’ என்பது பொருள். தொண்டரைக் குறிக்கும் ‘வொலொந்தாரியோ’வும் இதே அடியிலிருந்து வந்தது. ‘ச்சி பென்சோ இயோ’ என்றால், ‘அதை நான் பார்த்துக்கொள்கிறேன்’. கேட்பவருக்கு ஆறுதல் தரும் சொல்தான். ஆனால் பொறுப்பு முழுவதும் சொல்பவரிடம் போய்விடுகிறது. ‘தி டோ ஊனா மானோ’ என்பதற்கு ‘உனக்கு ஒரு கை தருகிறேன்’ என்று பொருள். இங்கே வேலை உரியவரிடமே இருக்கிறது. உதவுபவர் பக்கத்தில் நிற்கிறார். முதியவரிடமும் அறிமுகமில்லாதவரிடமும் மரியாதையாக, ‘போஸ்ஸோ அயுத்தார்லா?’, அதாவது ‘நான் உங்களுக்கு உதவலாமா?’ என்று கேட்பார்கள். கேள்வியாக வருவதால், ‘வேண்டாம்’ என்று சொல்லவும் அவருக்கு இடமுண்டு.

வயல் வேலையிலும் இப்படிக் கைகொடுப்பது உண்டு. இத்தாலியின் 1942ஆம் ஆண்டுக் குடியியற் சட்டக்கோவையின் 2139ஆம் பிரிவு, சிறு விவசாயிகள் ஊர் வழக்கப்படி தமக்குள் ஆள்வேலையையும் சேவைகளையும் பரிமாறிக்கொள்ள இடமளிக்கிறது. இன்று உன் அறுவடைக்கு நான். நாளை என் அறுவடைக்கு நீ.

பேரழிவு வந்தபோதும் இந்த மனப்பாங்கு வெளிப்பட்டது. 1976 மே 6ஆம் திகதி வட இத்தாலியின் ஃபிரியூலிப் பகுதியைப் பூமியதிர்ச்சி தாக்கியது. ஏறக்குறைய ஆயிரம் பேர் இறந்தனர். செப்டெம்பரில் நிலம் மீண்டும் அதிரவே, பல்லாயிரம் மக்கள் லிஞ்ஞானோ, கிராடோ போன்ற கடற்கரை ஊர்களின் விடுதிகளுக்கு இடம்பெயர்ந்தனர். 1971இல் தொடங்கப்பட்ட இத்தாலியக் கரித்தாஸ், பாதிக்கப்பட்ட பங்குகளை நாட்டின் பிற மறைமாவட்டங்களோடு இணைத்துவிட்டது. உதவி இவ்வாறு முகம் தெரிந்த உறவாக வந்தது.

மக்களோ தம் ஃபிரியூலி மொழியில் ‘ஃபசின் டி பெசோய்’ என்றார்கள். ‘நாங்களே செய்வோம்’ என்பது பொருள். முதலில் தொழிற்சாலைகள், அடுத்து வீடுகள், அதன்பின் கோவில்கள் என்று ஒழுங்கு வகுத்தார்கள். பிழைப்பு இல்லாத ஊருக்கு எவரும் திரும்பமாட்டார் என்பதே காரணம். அவர்கள் உதவியை மறுக்கவில்லை. முடிவெடுக்கும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டார்கள்.

மீளக்குடியேறும் எமது ஊர்களுக்கும் இது பொருந்தும். உதவ வருபவர், ‘இதைக் கொண்டுவந்தோம்’ என்பதற்கு முன், ‘என்ன வேண்டும்?’ என்று கேட்கட்டும். உதவி பெறுபவரும், ‘எதையாவது தாருங்கள்’ என்று கேளாமல், ‘இந்தக் கிணற்றைத் துப்புரவாக்க ஒரு கை தாருங்கள்’, ‘இந்த வேலியை அடைக்க இரண்டு நாள் வாருங்கள்’ என்று குறிப்பிட்டுக் கேட்கலாம். அப்போது கிணறும் வேலியும் உரியவருடையனவாகவே இருக்கும். வந்த கைக்கு நாளை திருப்பிக் கைகொடுக்கவும் முடியும்.