பார்க்கும் கருவியைப் பார்த்தல்: பொதிப்பதிவுக் கருவியின் பராமரிப்பும் வழுக்களைதலும் பற்றிய சில குறிப்புகள்

கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவை தோன்றிய கணத்தோடு நின்றுவிடுகின்றனர். ஆக்கியவர் யார், ஆக்கிய ஆண்டு எது என்னும் வினாக்களுக்கு விடை கிடைத்ததும் வரலாறு முடிந்துவிட்டதாகக் கொள்ளப்படுகிறது. ஆனால், ஒரு கருவி தோன்றிய பின்னர் அதனைப் பயன்படத்தக்க நிலையில் வைத்திருப்பதற்குச் செலவாகும் உழைப்பு, அதனை ஆக்குவதற்குச் செலவான உழைப்பினும் பன்மடங்கு பெரிதாக இருத்தல் கூடும். இவ்வுழைப்பு கண்ணிற் படுவதில்லை. கண்ணிற் படாமையினாலேயே அது மதிப்பிடப்படுவதுமில்லை.

கணினி வலையமைப்புக்களிற் செல்லும் பொதிகளைப் பதிவு செய்யும் கருவியொன்றினை எடுத்துக்கொண்டு இவ்வுண்மையை விளக்க இக்கட்டுரை முயல்கிறது. ரி.சி.பி.டம்ப் என்னும் கருவியும், அதற்கு அடித்தளமாயமைந்த லிப்பீகப் என்னும் நிரற்றொகுதியும் இங்கு சிறப்பாக நோக்கப்படுகின்றன. இலக்கிய ஆய்வாளனுக்கு இவற்றில் என்ன அக்கறை எனக் கேட்கப்படலாம். சான்றினை நம்பி முடிவுக்கு வரும் எந்தத் துறைக்கும், அச்சான்று நமது கைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்னும் வினா அடிப்படையானது. ஏட்டுச்சுவடியை ஆராய்பவனும் வலையமைப்பினை ஆராய்பவனும் இவ்விடத்தில் ஒரே சிக்கலை எதிர்கொள்கின்றனர்.

1. தோற்றமும் தேவையும்

இணையத்தில் அனுப்பப்படும் செய்தி ஒரே தொடராகச் செல்வதில்லை. அது சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டின் தலைப்பிலும் அனுப்புநர், பெறுநர் முகவரிகள் முதலான குறிப்புகள் இடப்பட்டு அனுப்பப்படுகிறது. இத்துண்டுகளே பொதிகள் எனப்படுகின்றன. வலையமைப்பு எதிர்பார்த்தவாறு இயங்காதபோது, உண்மையில் என்ன நடைபெறுகிறது என்பதனை அறிவதற்கு அப்பொதிகளையே நேரிற் பார்ப்பது தவிர வேறு வழியில்லை.

1986 ஒக்ரோபரில் இத்தேவை கூர்மையாக உணரப்பட்டது. கலிபோர்ணியாவில் லோறன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்திற்கும் பேர்க்லிப் பல்கலைக்கழகத்திற்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 400 யார். அவற்றுக்கிடையே செக்கனுக்கு 32,000 பிற்றுகள் சென்றுகொண்டிருந்த இணைப்பு, நெரிசல் காரணமாகச் செக்கனுக்கு 40 பிற்றுகள் என்ற அளவுக்கு வீழ்ந்தது. அந்நெரிசலின் காரணத்தை ஆராய்ந்த வன் ஜேக்கப்சன், அதனைத் தவிர்க்கும் முறையினை 1988இல் வெளியிட்டார். இணையம் இன்றுவரை நெரிசலாற் சரியாது இயங்குவதில் அம்முறைக்கும் அதன் வழிவந்த முறைகளுக்கும் பெரும் பங்குண்டு.

ரி.சி.பி.டம்ப் இதே ஆய்வுச் சூழலிலே பிறந்தது. 1980களின் பிற்பகுதியில் ஜேக்கப்சன், கிரெய்க் லியர்ஸ், ஸ்ரீவன் மக்கான் ஆகிய மூவரும் அவ்வாய்வுகூடத்தில் அதனை ஆக்கினர். அதன் தொடக்க வடிவத்திற் சில பகுதிகள் சண் நிறுவனத்தின் ஈதர்ஃபைன்ட் என்னும் கருவியிலிருந்து எடுக்கப்பட்டிருந்தன. அவை தனியுடைமையாக இருந்தமையால், கருவியைப் பொதுவிற் பகிர்வதற்குத் தடையாயின. ஆதலின் மக்கான் அப்பகுதிகளைப் புதிதாக எழுதினார். கருவியொன்று பொதுச்சொத்தாதல் தானாக நிகழ்வதன்று. அதற்கும் உழைப்பு வேண்டியிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

2. இயங்கும் முறை

கணினி ஒன்றினுள் வரும் பொதிகள் முதலில் இயங்குதளத்தின் மையப் பகுதியாகிய கேர்ணலை அடைகின்றன. பயனரின் நிரல் அதற்கு வெளியே உள்ளது. ஒவ்வொரு பொதியையும் வெளியே பிரதிசெய்து அனுப்பிப் பின்னர் வேண்டாதவற்றைக் கழிப்பதாயின் கணினியின் நேரம் வீணாகும். எனவே வடிகட்டல் கேர்ணலினுள்ளேயே நடைபெறுதல் வேண்டும். இதற்கென மக்கானும் ஜேக்கப்சனும் வகுத்த பொதி வடிகட்டி 1993இல் யூஸ்னிக்ஸ் மாநாட்டிற் கட்டுரையாக வாசிக்கப்பட்டது. முந்திய வடிகட்டியின் அமைப்பினும் தமது அமைப்பு 20 மடங்கு வரை விரைவானது என அவர்கள் அதிற் காட்டினர்.

இவ்வடிகட்டி ஒரு கற்பனைச் சிறுகணினி போன்றது. பயனர் தமக்கு வேண்டிய பொதிகளைச் சாதாரணச் சொற்களாற் குறிப்பிட, லிப்பீகப் அதனை அச்சிறுகணினியின் கட்டளைகளாக மாற்றுகிறது. அக்கட்டளைகள் முன்னோக்கி மாத்திரமே தாவ இயலும். பின்னோக்கித் திரும்ப இயலா. ஆகவே எவ்வடிகட்டியும் முடிவின்றிச் சுழல்வதில்லை. கேர்ணலினுள் அயலார் எழுதிய கட்டளைகளை அனுமதிப்பதற்கு இந்த உறுதிப்பாடு இன்றியமையாதது.

3. வழுவும் வழுவல்லாதனவும்

மென்பொருட் குறைபாட்டிற்குத் தமிழில் வழு என்னும் சொல் வழங்குகிறது. நமது இலக்கண மரபு வழுநிலை, வழாநிலை, வழுவமைதி என மூன்றனைப் பேசும். வழுப்போலத் தோன்றுவனவெல்லாம் வழுவல்ல என்னும் அறிவு அப்பாகுபாட்டின் உட்கிடை. பொதிப்பதிவினை வாசிப்போருக்கும் அவ்வறிவு வேண்டும். மூன்று எடுத்துக்காட்டுகளை நோக்குவோம்.

முதலாவது, சரிபார்ப்புத் தொகை. பொதி வழியிற் சிதைந்ததா என அறிவதற்கு அதில் ஒரு தொகை இடப்படும். தமது கணினியிலிருந்து வெளிச்செல்லும் பொதிகளைப் பதிவு செய்வோர், அவை பலவற்றில் இத்தொகை பிழையாக இருக்கக் கண்டு திடுக்கிடுவதுண்டு. உண்மையில், இக்காலக் கணினிகளில் இத்தொகையைக் கணிக்கும் வேலை வலையமைப்பு அட்டையிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கலாம். பதிவுக் கருவி பொதியைப் பார்ப்பது அவ்வட்டையை அது சென்றடையுமுன் ஆகும். கம்பியிற் செல்லும் பொதி சரியானதே. நாம் பார்த்தது முற்றுப்பெறாத பிரதி. இதே காரணத்தால், சாதாரண ஈதர்நெற்றில் ஒரு பொதி 1,500 பைற்றுகள் மாத்திரம் சுமக்க இயலுமாயினும், அதனினும் பன்மடங்கு பெரிய பொதிகள் பதிவிற் காணப்படுதல் உண்டு. அவற்றைத் துண்டாடும் வேலையையும் அட்டையே பின்னர் செய்கிறது.

இரண்டாவது, விடுபாடு. பொதிகள் மிக விரைவாக வரும்போது கேர்ணலின் தாங்ககம் நிரம்பிவிடும். எஞ்சிய பொதிகள் பதிவாகாமலே கைவிடப்படும். கருவி தன் வேலையை முடிக்கும்போது, பதிவானவை, வடிகட்டிக்கு வந்தவை, கேர்ணல் கைவிட்டவை என மூன்று தொகைகளைத் தருகிறது. மூன்றாந் தொகையைப் பாராது முடிவுகூறும் ஆய்வாளன், செல்லரித்த ஏட்டில் இல்லாத செய்யுளை நூலாசிரியர் பாடவேயில்லை எனத் துணிபவனை ஒத்தவன். பதிவில் இல்லை என்பது நிகழவில்லை என்பதாகாது.

மூன்றாவது எடுத்துக்காட்டு இன்னும் நுட்பமானது. ஒரே கம்பியிற் பல வலையமைப்புக்களைப் பிரித்து நடத்துவதற்குப் பொதியின் தலைப்பில் ஓர் அடையாளப் பட்டி இடப்படுவதுண்டு. லினக்ஸ் இயங்குதளத்தில், வலையமைப்பு அட்டையோ கேர்ணலோ அப்பட்டியை முன்கூட்டியே கழற்றிப் புறம்பாக வைத்துவிடுகிறது. லிப்பீகப், பொதியைப் பயனரிடம் கொடுக்கும்போது பட்டியை மீண்டும் அதன் இடத்திற் பொருத்துகிறது. ஆனால் வடிகட்டி இயங்குவது இவ்விரு செயல்களுக்கும் இடையிலாகும். விளைவு யாதெனில், பதிவேட்டிற் பட்டி கண்கூடாகத் தெரியும். பட்டியுள்ள பொதிகளை மட்டும் தேடினாலோ ஒன்றும் கிடைக்காது. இங்கு கருவியின் எந்தவொரு வரியும் தன்னளவிற் பிழையானதன்று. கருவி எழுதப்பட்ட காலத்துச் சூழல் மாறிவிட்டது, கருவி மாறவில்லை. பின்னர், புறம்பாக வைக்கப்பட்ட பட்டியையும் பார்க்குமாறு வடிகட்டியின் கட்டளைகள் திருத்தப்பட்டன.

பராமரிப்பு என்பதன் உட்பொருளை இம்மூன்றாவது எடுத்துக்காட்டுத் தெளிவாக உணர்த்துகிறது. தேய்ந்த உறுப்பை மாற்றுவது பொறிகளுக்குப் பொருந்தும். மென்பொருள் தேய்வதில்லை. அதனைச் சூழ்ந்த உலகம் மாறுவதே அதன் தேய்வாகும்.

4. வாசிப்பவனின் ஆபத்து

கருவியினுள்ளேயே அமைந்த வழுக்கள் வேறொரு வகையின. ரி.சி.பி.டம்ப் பொதிகளைப் பதிவு செய்வதோடு நில்லாது, பல்வேறு நெறிமுறைகளுக்கேற்ப அவற்றைப் பகுத்து வாசித்தும் காட்டுகிறது. ஒவ்வொரு நெறிமுறைக்கும் ஒரு வாசிப்புப் பகுதி உண்டு. அவற்றைப் பல ஆண்டுகளாகப் பலர் எழுதிச் சேர்த்தனர். பொதியின் தலைப்பில் 'இத்துண்டின் நீளம் இவ்வளவு' எனக் குறிப்பிடப்பட்டிருக்கும். அக்குறிப்பினை நம்பி வாசிக்கும் நிரல், பொதி உண்மையில் அதனினும் குறுகியதாயிருப்பின், எல்லை தாண்டி நினைவகத்தின் அயற்பகுதிகளை வாசிக்கத் தொடங்கும்.

இது வெறும் நுணுக்கப் பிரச்சினையன்று. பொதிகளைப் பதிவு செய்வதற்குப் பொதுவாகக் கணினியின் மேலதிகாரம் வேண்டும். அவ்வதிகாரத்துடன் இயங்கும் நிரல், யார் எவரோ அனுப்பிய பொதிகளை வாசிக்கிறது. அனுப்புபவன் தீய நோக்குடையவனாயின், கண்காணிப்பவனின் கணினியையே தாக்கும் பொதியை அவன் புனைந்தனுப்பலாம். 2017 செப்ரெம்பரில் வெளியான 4.9.2 என்னும் பதிப்பு, ஏறத்தாழ 90 பாதுகாப்பு வழுக்களை ஒருங்கே களைந்தது. அவற்றுட் பெரும்பாலானவை இவ்வெல்லை மீறல் வகையின. பரிகாரம் கொள்கையளவில் எளியது: ஒவ்வொரு பைற்றையும் வாசிக்குமுன் அது உண்மையில் உள்ளதா எனச் சோதித்தல் வேண்டும். ஆனால், இருபது முப்பது ஆண்டுகளாகத் திரண்ட நிரலில் அச்சோதனை விடுபட்ட இடங்களை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்துவது பெரும் பொறுமையை வேண்டும் பணி. மேலதிகாரத்தைச் சுருக்குவதும் ஒரு பரிகாரமே. வயர்ஷார்க் என்னும் இன்னொரு கருவி, பதிவு செய்யும் சிறுபகுதியை வாசிக்கும் பெரும்பகுதியிலிருந்து பிரித்து, முன்னதற்கு மாத்திரம் அதிகாரம் வழங்குகிறது.

5. குருடாக்கப்பட்ட கண்

2002 நவம்பரில் நிகழ்ந்த சம்பவமொன்று இவ்விடத்தில் விரிவாகக் குறிப்பிடத்தக்கது. ரி.சி.பி.டம்ப், லிப்பீகப் ஆகியவற்றின் மூலநிரல்கள் வெளியிடப்படும் வழங்கியினுள் யாரோ நுழைந்து, அங்கிருந்த பிரதிகளை மாற்றிவைத்தனர். மாற்றப்பட்ட பிரதியைப் பெற்று நிறுவ முற்பட்டவர்களின் கணினியில் வேறொரு நிரல் இரகசியமாக இயங்கி, வெளியிலுள்ள கணினியொன்றின் 1963 என்னும் துறை எண்ணுடன் தொடர்புகொண்டு கட்டளைகளுக்குக் காத்திருந்தது. அத்தோடு நில்லாது, லிப்பீகப்பின் வடிகட்டிப் பகுதியிலும் ஒரு மாற்றம் செய்யப்பட்டிருந்தது. 1963ஆம் துறை எண் சார்ந்த பொதிகளை அது காணாது விட்டுவிடும்.

களவினைக் கண்டுபிடிக்கவேண்டிய கருவியே களவுக்குத் திரையாக்கப்பட்டது. ஐயங்கொண்டு தன் வலையமைப்பினைச் சோதிக்கும் பயனருக்கு அக்கருவி எல்லாம் ஒழுங்காகவே உள்ளன எனக் காட்டியிருக்கும். பயனர் குழுவொன்றினர் இதனைக் கண்டறிந்தனர். அமெரிக்காவின் சேர்ட் மையமும் பொது எச்சரிக்கை விடுத்தது. மூலநிரல் பொதுவில் இருந்தமையாலேயே மாற்றப்பட்ட வரிகளை எவரும் தூய பிரதியோடு ஒப்புநோக்கிச் சுட்டிக்காட்ட முடிந்தது. எனினும், திறந்திருத்தல் மாத்திரம் காவலாகாது. ஒப்புநோக்கும் கண்களும் வேண்டும்.

6. உழைப்பின் கேள்வி

அக்கண்கள் யாருடையவை? லோறன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தின் பணி ஓய்ந்தபின், திருத்தங்கள் ஆங்காங்கே சிதறிக் கிடந்தன. ஒவ்வொரு விநியோகத்தாரும் வெவ்வேறு திருத்தங்களுடன் வெவ்வேறு பிரதிகளை வழங்கினர். பாடபேதங்கள் பெருகிய நிலை அது. 1999இல் பில் ஃபென்னர், மைக்கல் ரிச்சட்சன் ஆகியோர் அவற்றை ஒன்றுதிரட்டிப் பொதுப்பதிப்பாக வெளியிடத் தொடங்கினர். அன்றிலிருந்து பல நாடுகளைச் சேர்ந்த ஆர்வலர்கள் இப்பணியை நடத்தி வருகின்றனர்.

வயர்ஷார்க்கின் கதை உடைமைப் பிரச்சினையை இன்னொரு கோணத்திற் காட்டுகிறது. 1990களின் பிற்பகுதியில் விற்பனையிலிருந்த பகுப்பாய்வுக் கருவிகளின் விலை ஏறத்தாழ 1,500 டொலர். சிறிய இணைய நிறுவனமொன்றிற் பணியாற்றிய ஜெரல்ட் கோம்ப்ஸ், ஈதீரியல் என்னும் பெயரில் தாமே ஒரு கருவியை எழுதி 1998இல் வெளியிட்டார். 2006இல் அவர் வேலை மாறியபோது, நிரலைக் கொண்டுசெல்ல அவருக்குத் தடையிருக்கவில்லை. அது பொது உரிமத்தில் இருந்தது. ஆனால் பெயர் முன்னைய நிறுவனத்தின் வணிகக் குறியாயிருந்தமையால், கருவிக்குப் புதுப்பெயர் சூட்டவேண்டியதாயிற்று. உழைப்பின் விளைவு பொதுவுடைமை, அதன் பெயரோ தனியுடைமை என்னும் விசித்திரம் இங்கு நிகழ்ந்தது.

பொறியிலே திரண்டிருப்பது கடந்தகால உழைப்பு என்றும், உயிருள்ள உழைப்பு அதனைத் தொட்டெழுப்பாதவிடத்து அது பாழாகும் என்றும் மார்க்ஸ் விளக்கினார். மென்பொருள் இக்கூற்றிற்கு விலக்கன்று. வணிக நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் அரசுகளும் இந்நிரல்களை விலையின்றிப் பயன்படுத்துகின்றன. ஆனால், அவற்றை உயிர்ப்புடன் வைத்திருக்கும் உழைப்பின் சுமை சிலரது தோள்களிலேயே தங்கியுள்ளது. புதியது புனைந்தவருக்குப் புகழ் கிடைக்கிறது. வழுக்களைந்தவரின் பெயர் மாற்றப் பட்டியலின் ஒரு வரியோடு அடங்கிவிடுகிறது.

இக்கருவியின் இருமுகத் தன்மையும் மறக்கற்பாலதன்று. நெரிசலின் காரணத்தை அறிய உதவும் அதே கருவி, பிறர் உரையாடலை ஒற்றுக்கேட்கவும் உதவும். இன்று பெரும்பாலான இணையத் தொடர்புகள் மறைகுறியாக்கப்பட்டுள்ளமையாற் பொதியின் உள்ளடக்கம் எளிதில் வாசிக்கப்படுவதில்லை. எனினும், யார் யாருடன், எப்பொழுது, எவ்வளவு தொடர்புகொண்டனர் என்பதனைத் தலைப்புகள் பெரிதும் வெளிப்படுத்துகின்றன. இவ்வாற்றல் அதிகாரம் படைத்தோரிடம் மாத்திரம் இருத்தல் ஆபத்தானது. தம் கணினி தமக்குத் தெரியாமல் யாருடன் பேசுகிறது என்பதனை அறியும் உரிமை சாதாரண மக்களுக்கும் உண்டு. அவ்வுரிமையை நடைமுறையிற் சாத்தியமாக்குவது, யாவரும் பெறத்தக்கதும் யாவரும் சோதிக்கத்தக்கதுமான கருவியேயாகும்.

ஆகவே, இத்தகைய கருவிகளின் பராமரிப்பினை அறிவுப்பணியாக ஏற்கும் கடப்பாடு பல்கலைக்கழகங்களுக்கு உண்டு. சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடந்தேர்தலை ஆய்வென ஏற்கும் நாம், நிரல்களை ஒப்புநோக்கி வழுக்களைதலையும் ஆய்வென ஏற்றல் வேண்டும். மாணவரொருவர் பழைய வாசிப்புப் பகுதியொன்றினை எடுத்து, அதில் எல்லைச் சோதனை விடுபட்ட இடமொன்றைக் கண்டு திருத்தி, அத்திருத்தம் பொதுப்பதிப்பில் ஏற்கப்படுமாயின், அது புதிய நிரலொன்றினை எழுதிக் கைவிடுவதினும் பயனுடைய பயிற்சியாகும். பாடத்திட்டங்களை வகுப்போர் இதனைக் கருத்திற் கொள்வார்களாக.