மண்ணில் முடங்கிய முதல்

கடன் வாங்கிய பணத்தைப் பெட்டியில் பூட்டிச் சாவியைக் கிணற்றில் எறிந்துவிட்டு, மறுநாள் மீண்டும் கடன் கேட்டு நிற்பவனை உலகம் என்னவென்று சொல்லும்? மணிச்சத்து விஷயத்தில் நமது தேசம் செய்து வருவது ஏறக்குறைய இதுவேயாகும்.

மணிச்சத்தாவது பாஸ்பரஸ். வேர் ஓடுவதற்கும் மணி பிடிப்பதற்கும் அது இன்றியமையாதது. தழைச்சத்தைக் காற்றிலிருந்து பெறலாம். மணிச்சத்தையோ பாறையிலிருந்துதான் தோண்டியெடுக்க வேண்டும். உலகில் அறியப்பட்ட பாஸ்பேட் பாறையிருப்பில் நூற்றுக்குச் சுமார் 70 பங்கு மொராக்கோவிலும் அதன் வசமுள்ள மேற்கு சஹாராவிலும் இருக்கிறது. உதயபூருக்கு அருகே ஜாமர்கோட்ராவில் நமக்கும் சுரங்கமுண்டு. ஆயினும் தேசத்தின் தேவைக்கு அது போதாது. 1906-ம் வருஷத்திலேயே ராணிப்பேட்டையில் சூப்பர் பாஸ்பேட் தொழிற்சாலை ஏற்பட்டது. நூறாண்டு கடந்தும் பாறைக்கும் அமிலத்துக்கும் அன்னியர் கையை எதிர்பார்க்கும் நிலை நீங்கவில்லை.

இவ்வாறு பொருள் கொடுத்து வாங்கியது என்னவாகிறது? இட்டதில் முதற்பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் ஐந்திலொரு பங்குக்கு மேற்படுவதில்லை. எஞ்சியது செம்மண்ணில் இரும்போடும் அலுமினியத்தோடும், சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் கால்சியத்தோடும் பிணைந்துவிடுகிறது. ஆண்டுதோறும் இட இட இருப்பு பெருகுகிறது. அது முற்றும் செத்த முதலன்று. நஞ்செயில் நீர் நிறுத்துகையில் இரும்பின் பிடி தளர்ந்து ஒரு பகுதி விடுபடுகிறது. பசுந்தாளும் தொழுவுரமும் மக்கும்போது பிறக்கும் அமிலங்களும், பாஸ்போபாக்டீரியா என்னும் நுண்ணுயிர்களும் மேலும் சிறிது விடுவிக்கின்றன.

மீளாத நஷ்டம் வேறொன்று. மழை மேல்மண்ணை அரித்துச் செல்லும்போது அதைப் பற்றிய மணிச்சத்தும் ஏரியையும் ஆற்றையும் சேர்ந்து பாசியை வளர்க்கிறது. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஈரி ஏரியில் விஷப்பாசி பெருகியதால், டொலீடோ நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த சுமார் 4 லட்சம் ஜனங்கள் குழாய்நீரைப் பருகலாகாதென்று எச்சரிக்கப்பட்டனர். அவ்வேரிக்குச் சென்ற மணிச்சத்தில் பெரும்பகுதி கழனிகளிலிருந்து வந்ததே.

அப்படியாயின் உரத்தை நிறுத்திவிடலாமா என்று கேட்கலாம். கூடாது. சத்தற்ற நிலத்தில் அது குடியானவனைப் பட்டினி போடுவதாகும். நிலத்துக்கு நிலம் தேவை வேறு. நமது மாகாணத்து மண் பரிசோதனையில் ஹெக்டேருக்கு 11 கிலோவுக்குக் குறைந்தால் பற்றாக்குறை, 22 கிலோவை மிஞ்சினால் மிகுதி என்று கொள்ளப்படுகிறது. மிகுதியுள்ள வயலில் கொட்டப்படும் ஒவ்வொரு மூட்டையும், பற்றாக்குறையுள்ள வயலுக்குக் கிடைக்காமற்போன மூட்டையே. அதற்குரிய மானியமோ பொதுஜனங்களின் பணம்.

2015-ல் சர்க்கார் மண்வள அட்டைத் திட்டத்தைத் தொடங்கினர். அட்டை பெட்டியில் உறங்கினால் பயனென்ன? உரத் தட்டுப்பாடு வரும்போதெல்லாம் மேடையேறி மூட்டைக் கணக்குக் கேட்கும் தேச ஊழியர்களை ஒன்று வேண்டிக்கொள்கிறோம். விதைப்புக்கு முன் கிராமசபையில் மண் கணக்கைக் கேளுங்கள். எழுத்தறியாதவருக்கு அவர் அட்டையைப் படித்துச் சொல்லுங்கள். வரப்பைக் கட்டி மேல்மண்ணைக் காக்கச் செய்யுங்கள். நம் காலடியில் கிடக்கும் முதலை அறியாமல் அன்னியர் வாசலில் நிற்பது சுதந்திர தேசத்துக்கு அழகாகாது.