பங்ஷன் வாசலில் ஒரு காவலாளி!

2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. ரெடிமேட் துணிகளுக்கு அதுவரை ஒரு பீஸ் 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். புதிய விதிப்படி 2,500 ரூபாய் வரை 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18 சதவீதம். அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 20. அதாவது ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் ரோட்டிலும் கால் வைக்க இடமில்லாத அந்த நான்கு வாரத்தில்தான் புதிய வரியில் பில் போட வேண்டியிருந்தது.

தி.நகரில் ஒரு சிறிய துணிக்கடை என்று வைத்துக் கொள்வோம். உறவுக்காரப் பையன் பைத்தானில் எழுதிக் கொடுத்த பில்லிங் புரோகிராம். வரி சேர்க்காத விலை 900 ரூபாய் உள்ள சட்டை ஒன்று எடுத்தால் பில் சரி. இரண்டு எடுத்தாலும் சரி. மூன்று எடுத்தால் வரி 135 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 486 ரூபாய் வருகிறது! வாடிக்கையாளர் சும்மா இருப்பாரா?

பிழையைத் தேட நம்மில் பலர் செய்வது என்ன? ஒவ்வொரு பங்ஷனுக்குள்ளும் பிரிண்ட் வரிகளைச் செருகுவோம். இருபது பங்ஷன் என்றால் நாற்பது வரி. வேலை முடிந்ததும் தேடித்தேடி அழிக்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் அது பில்லிலேயே வந்து நிற்கும்.

இதற்கு எளிய வழி டெக்கரேட்டர். 2004 நவம்பரில் வெளியான பைத்தான் 2.4 பதிப்பில் @ குறியோடு அறிமுகமானது. கடை வாசலில் செக்யூரிட்டி நிற்கிறாரே, அவரைப் போலத்தான். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் நோட்டில் எழுதுவார். கடைக்குள் எதையும் தொட மாட்டார்.

'தடம்' என்று ஒரு பங்ஷன் எழுதுங்கள். (பைத்தான் 3 முதல் தமிழிலேயே பெயர் வைக்கலாம்.) இது இன்னொரு பங்ஷனை வாங்கிக் கொண்டு, தனக்குள் 'உறை' என்ற சிறு பங்ஷனை உருவாக்கித் திருப்பித் தரும். உறை முதலில் வந்த விவரங்களை எழுதும், அசல் பங்ஷனை அழைக்கும், விடையை எழுதும், அந்த விடையை அப்படியே ரிட்டர்ன் செய்யும். கடைசிப் படியை மறந்தால் எல்லா விடையும் 'நன்' ஆகிவிடும், ஜாக்கிரதை! எத்தனை விவரம் வந்தாலும் ஏற்க, ஒற்றை நட்சத்திரம், இரட்டை நட்சத்திரம் போட்ட பெயர்களில் வாங்குங்கள். உறையின் தலையில் பங்க்டூல்ஸ் மாட்யூலின் 'ராப்ஸ்' டெக்கரேட்டரைப் போடுங்கள். இல்லாவிட்டால் எந்த பங்ஷனின் பெயரைக் கேட்டாலும் 'உறை' என்றே சொல்லும்.

இனி கண்காணிக்க வேண்டிய பங்ஷனின் மேல் வரியில் @தடம் என்று எழுதினால் போதும். மூன்று சட்டை பில்லை ஓட்டிப் பார்ப்போம்:

பில்_வரி உள்ளே: 900, 3
    வரி_விகிதம் உள்ளே: 2700
    வரி_விகிதம் வெளியே: 18
பில்_வரி வெளியே: 486.0

திருடன் அகப்பட்டான்! 2,500 ரூபாய் வரம்பு ஒரு பீஸுக்கு. புரோகிராமோ மொத்தத் தொகை 2,700-ஐ வரி_விகிதம் பங்ஷனுக்கு அனுப்புகிறது. அந்த பங்ஷனைத் தனியாகச் சோதித்திருந்தால் எந்தக் குறையும் தெரிந்திருக்காது. அது கேட்டதற்குச் சரியான பதிலைத்தான் சொல்கிறது. தவறு அழைத்தவரிடம். 900-ஐ அனுப்பும்படி ஒரு வரியை மாற்றினால் வரி 135.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தப் பிழை புதிய விகிதத்தால் வந்ததில்லை. பழைய விகிதத்திலும் 600 ரூபாய் சட்டை இரண்டு எடுத்தவரிடம் 60 ரூபாய்க்குப் பதில் 144 ரூபாய் வாங்கியிருக்கும். பழைய பில்களையும் புரட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

காவலாளியை வைக்கும்போது சில எச்சரிக்கைகள். பிரிண்டுக்குப் பதில் பைத்தானோடு வரும் 'லாகிங்' மாட்யூலைப் பயன்படுத்துங்கள். நேரத்தோடு பைலில் பதிவாகும்படி அதை அமைத்துக் கொள்ளலாம். உள்ளே எர்ரர் வந்தால் குறித்துக் கொண்டு, 'ரெய்ஸ்' மூலம் மீண்டும் வெளியே அனுப்புங்கள். விழுங்கிவிட்டால் பிழை மறைந்துவிடும். வாடிக்கையாளரின் செல்போன் எண், கார்டு விவரம் வாங்கும் பங்ஷனுக்கு இந்த @தடம் வேண்டவே வேண்டாம். அத்தனையும் லாக் பைலில் படிக்கும்படி கிடக்கும். ஆயிரக்கணக்கான முறை சுற்றும் லூப்புக்குள் இருக்கும் பங்ஷனுக்கும் போடாதீர்கள், கவுன்டரில் வரிசை நீளும்.

ஒரு பில் பல கம்ப்யூட்டர்களைத் தாண்டிப் போகும் பெரிய கடைகளுக்கு இது போதாது. 2019-இல் உருவான ஓப்பன்டெலிமெட்ரி என்ற இலவசத் திட்டம் அதற்கென்றே இருக்கிறது. அதிலும் பைத்தான் பங்ஷன் மேல் டெக்கரேட்டர் போடும் வசதி உண்டு.

பிழை தீர்ந்ததும் @தடம் வரிகளை அழிக்கத் தேவையில்லை. 'தடம்' பங்ஷனின் தொடக்கத்தில் ஒரு ஸ்விட்ச் வையுங்கள்: ஆஃப் என்றால் உறை போடாமல் அசல் பங்ஷனையே திருப்பித் தந்துவிடட்டும். அடுத்த முறை விகிதம் மாறும்போது ஆன் செய்து கொள்ளலாம்.