விட்டுவிட்டுத் தோன்றும் எஞ்சின் வழுக்களும் இலத்திரனியற் பாகங்களின் பாதுகாப்பும்

எஞ்சின் ஒன்று முற்றாக இயங்க மறுத்தால் அதன் வழுவைக் கண்டறிவது ஒப்பீட்டளவில் இலகுவானது. அளக்கும் வேளையிலும் வழு அங்கே இருக்கும். ஆனால் காலையில் ஒழுங்காக இயங்கி, நண்பகலில் திடீரென நின்று, அரை மணி நேரத்தின் பின் எதுவும் நடவாததுபோல் மீண்டும் இயங்கும் எஞ்சினை என்ன செய்வது? வாகனம் திருத்தகத்தை அடையும்போது வழு மறைந்திருக்கும். இத்தகைய வழுவே விட்டுவிட்டுத் தோன்றும் வழு எனப்படும்.

இவ்வேளையில் பலர் ஊகித்து ஒவ்வொரு பாகமாக மாற்றுவர். பணம் செலவாகும், வழு அப்படியே இருக்கும். அதைவிட, அவசரத்தில் செய்யும் வேலையால் நல்ல நிலையிலிருந்த இலத்திரனியல் கட்டுப்பாட்டலகும் பழுதடையலாம். எனவே இப்பாடப் பகுதியை இரண்டு கேள்விகளாகப் பிரித்துக் கற்போம். வழுவை எவ்வாறு கண்டறிவது? அவ்வேளையில் இலத்திரனியற் பாகங்களை எவ்வாறு பாதுகாப்பது?

1. வழு ஏன் வந்து மறைகிறது?

வழு காரணமின்றித் தோன்றுவதில்லை. குறித்த ஒரு நிபந்தனை நிறைவேறும்போது தோன்றி, அந்நிபந்தனை நீங்கும்போது மறைகிறது. பிரதான நிபந்தனைகள் நான்கு ஆகும்.

(அ) வெப்பம்: உலோகங்கள் வெப்பத்தால் விரிவடையும். சுருளொன்றில் உள்ள நுண்ணிய வெடிப்பு சூடாகும்போது விலகிச் சுற்றைத் திறக்கும். ஆறியதும் மீண்டும் தொடுகையுறும்.
(ஆ) அதிர்வு: தளர்ந்த செருகி இணைப்பு, உள்ளே முறிந்த வயர் என்பன வாகனம் குலுங்கும்போது தொடுகையை இழக்கும்.
(இ) ஈரம்: காவலியில் வெடிப்பு இருப்பின் மழை நாட்களில் உயர் அழுத்த மின் கசிந்து, தீப்பொறிச் செருகியில் தீப்பொறி தவறும்.
(ஈ) சுமை: முகப்பு விளக்கு, குளிரூட்டி முதலியன ஒருங்கே இயங்கும்போது மின்னோட்டம் அதிகரித்து, பழுதான தொடுப்புகளில் அழுத்த வீழ்ச்சி கூடும்.

2. கண்டறியும் ஒழுங்கு

படி 1: வாகனம் செலுத்துபவரிடம் கேட்டறியுங்கள். எஞ்சின் சூடாக இருந்ததா? மழை பெய்ததா? மேடு பள்ளமான வீதியா? எரிபொருள் எவ்வளவு இருந்தது? எவ்வளவு நேரத்தின் பின் மீண்டும் இயங்கியது?

படி 2: பற்றரியைக் கழற்றுமுன் வழுக் குறியீடுகளை வாசித்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஐக்கிய அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து எல்லாக் கார்களுக்கும் பொதுவான குறியீட்டு முறை கட்டாயமாக்கப்பட்டது. பின்னர் ஏனைய நாடுகளிலும் அது பரவியது. வழு ஏற்பட்ட கணத்தில் எஞ்சினின் வெப்பநிலை, வேகம் போன்றவற்றையும் கட்டுப்பாட்டலகு பதிந்து வைக்கும். பல வாகனங்களில் பற்றரியைக் கழற்றியதும் இப்பதிவுகள் அழிந்துவிடும்.

படி 3: கண்ணால் பாருங்கள். பச்சை நிறத் துரு படிந்த முனைகள், தளர்ந்த புவித்தொடுப்பு, உரசித் தேய்ந்த வயர் என்பன கருவி எதுவுமின்றியே தெரியவரும்.

படி 4: நிபந்தனையை மீள உருவாக்குங்கள். எஞ்சின் இயங்கும்போது வயர்க் கட்டினை மெதுவாக அசைத்தல், ஐயத்திற்குரிய பாகத்தை முடி உலர்த்தியால் சூடாக்குதல், உயர் அழுத்த வயர்களைத் தொடாமல் அவற்றின்மீது சிறிதளவு நீர் தெளித்தல், விளக்குகளை எரியவிட்டுச் சுமையைக் கூட்டுதல் என்பன பயன்படும்.

படி 5: வழு தோன்றும் அக்கணத்தில் அளந்து பாருங்கள். அளந்து உறுதிப்படுத்திய பின்னரே பாகத்தை மாற்றுங்கள்.

குறியீட்டை வாசிக்கும்போது ஒன்றை மறவாதீர்கள். பி 0335 என்பது கிராங்குத் தண்டின் நிலையை அறியும் உணரியின் சுற்றில் வழு உண்டு என்பதைக் குறிக்கும். உணரிதான் பழுது என்று அது கூறவில்லை. வயர், செருகி இணைப்பு என்பனவும் அச்சுற்றின் பகுதிகளே.

3. உதாரணம் 1: சூடானதும் நிற்கும் எஞ்சின்

கிராங்குத் தண்டின் நிலையைக் கட்டுப்பாட்டலகுக்கு அறிவிக்கும் உணரி, சில எஞ்சின்களில் மெல்லிய செப்புக் கம்பிச் சுருளால் ஆனது. அதன் சைகை நின்றால் பெரும்பாலான எஞ்சின்களில் தீப்பொறியும் எரிபொருள் தெளிப்பும் நின்றுவிடும்.

இச்சுருளின் தடை 20 பாகை செல்சியசில் 800 ஓம் என்க. செம்பின் தடை ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.0039 பங்கு அதிகரிக்கும். எனவே 100 பாகை செல்சியசில்,

தடை = 800 × (1 + 0.0039 × 80) = ஏறத்தாழ 1050 ஓம்

இந்த அதிகரிப்பு இயல்பானது, அது வழுவன்று. ஆனால் சூடாக இருக்கும்போது பல்மானி முடிவிலித் தடையைக் காட்டினால் சுருள் திறந்துள்ளது என்பது தெளிவு. அதே உணரியை ஆறிய பின் அளந்தால் மீண்டும் 800 ஓமே கிடைக்கும். ஆறிய நிலையில் மட்டும் அளந்தவர் உணரி நல்லது எனத் தவறாக முடிவு செய்வார்.

4. உதாரணம் 2: கண்ணுக்குத் தெரியாத தடை

எஞ்சினுக்கும் வாகனத்தின் உடலுக்கும் இடையிலான புவித்தொடுப்பில் துருவினால் 0.02 ஓம் தடை ஏற்பட்டுள்ளது. தொடக்கி மோட்டர் 150 அம்பியர் எடுக்கிறது. அவ்வேளை பற்றரியின் முடிவிடங்களில் 11 வோல்ற்று உள்ளது எனக் கொள்வோம்.

அழுத்த வீழ்ச்சி = மின்னோட்டம் × தடை = 150 × 0.02 = 3 வோல்ற்று
தொடக்கி மோட்டருக்குக் கிடைப்பது = 11 − 3 = 8 வோல்ற்று

எஞ்சின் மந்தமாகச் சுழலும். சில வேளைகளில் தொடங்காது. சாதாரண பல்மானியால் 0.02 ஓமைத் திருத்தமாக அளக்க முடியாது. அதன் வயர்களின் தடையே அதைவிடக் கூடியது. ஆகவே தடையை அளவாது, மின்னோட்டம் பாயும்போது தொடுப்பின் இரு புறங்களுக்கும் இடையிலான அழுத்த வீழ்ச்சியை அளக்க வேண்டும். இங்கு மாற்ற வேண்டியது பற்றரியுமன்று, மோட்டருமன்று. தொடுப்பைச் சுத்தம் செய்து இறுக்கினால் போதும்.

5. இலத்திரனியற் பாகங்களைப் பாதுகாத்தல்

• எஞ்சின் இயங்கும்போது பற்றரியைக் கழற்றலாகாது. மின்னேற்றம் நடைபெறுகிறதா எனப் பார்க்கச் சிலர் இவ்வாறு செய்வர். பற்றரி திடீரென நீங்கும்போது ஆடலோட்டப் பிறப்பாக்கியின் அழுத்தம் கணப்பொழுதில் 100 வோல்ற்று அளவுக்கும் உயரலாம். மின்னேற்றத்தை அறிய வோல்ற்றுமானி போதுமானது. இயங்கும்போது சாதாரணமாக 13.8 முதல் 14.5 வோல்ற்று வரை காட்டும்.

• எரிபற்றல் ஆளியை நிறுத்திய பின்னரே செருகி இணைப்புகளைக் கழற்றுங்கள். சுருளில் பாயும் மின்னோட்டம் திடீரெனத் தடைப்பட்டால் மின்காந்தத் தூண்டலால் உயர் அழுத்தம் தோன்றும். இணைப்பைப் பிடித்து இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள்.

• பற்றரியைக் கழற்றும்போது மறை முடிவிடத்தை முதலிலும், பொருத்தும்போது அதனை இறுதியிலும் கையாளுங்கள். நேர் முடிவிடத்தை முதலில் கழற்றினால், ஸ்பனர் வாகன உடலைத் தொட்டதும் குறுஞ்சுற்று ஏற்படும்.

• கட்டுப்பாட்டலகின் சுற்றுகளை இழை மின்குமிழ் பொருத்திய சோதனை விளக்கினால் சோதிக்காதீர்கள். அது எடுக்கும் மின்னோட்டம் நுண்ணிய பாகங்களைத் தாக்கும். உயர் உட்தடை கொண்ட இலக்கப் பல்மானியைப் பயன்படுத்துங்கள்.

• கட்டுப்பாட்டலகைத் தொடுமுன் வாகனத்தின் வெற்று உலோகப் பகுதியைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்னை இறக்குங்கள். நாம் உணராத அளவு நிலைமின்னும் நுண்சுற்றுகளைச் சேதப்படுத்தும்.

• மின்வில் உருக்கொட்டல் செய்யுமுன் பற்றரியையும் கட்டுப்பாட்டலகையும் கழற்றுங்கள். புவித்தொடுப்புப் பிடியை ஒட்டும் இடத்திற்கு அண்மையிலேயே பொருத்துங்கள்.

• எரிந்த உருகிக்குப் பதிலாகக் கூடிய அம்பியர் உருகியை இடாதீர்கள். அப்போது உருகிக்குப் பதிலாக வயரே எரியும்.

எச்சரிக்கை: கலப்பு வாகனங்களில் செம்மஞ்சள் நிற வயர்கள் உயிராபத்து விளைவிக்கக்கூடிய உயர் அழுத்தத்தைக் கொண்டவை. பயிற்சி பெறாதோர் அவற்றைத் தொடலாகாது.

நினைவிற் கொள்க

கேள், வாசி, பார், மீள உருவாக்கு, அளந்து உறுதிசெய். மாற்றுவது கடைசிப் படி.

மாதிரி வினா

மழை நாட்களில் மட்டும் எஞ்சின் தடுமாறுகிறது. (i) வழு பெரும்பாலும் எப்பகுதியில் இருக்கலாம்? (ii) அதனை எவ்வாறு உறுதிப்படுத்துவீர்கள்? (iii) சோதனைக்கு முன் பற்றரியைக் கழற்றுவது ஏன் பொருத்தமற்றது?

விடைக் குறிப்பு: (i) எரிபற்றல் தொகுதியின் உயர் அழுத்த வயர்கள் அல்லது சுருளின் காவலி. (ii) எஞ்சின் இயங்கும்போது அப்பகுதியில் சிறிதளவு நீர் தெளித்துத் தடுமாற்றம் தோன்றுகிறதா என அவதானித்தல். (iii) கட்டுப்பாட்டலகில் பதிவாகியுள்ள வழுக் குறியீடுகள் அழிந்துவிடலாம்.